தொட்டால் கிளம்பும் லாரி

"அண்ணி, இந்த வண்டிக்கு ஒரு ரிப்பேரும் இல்ல. தன் நாத்தத்தைத் தானே தாங்க முடியாம இன்ஜின் தற்கொலை பண்ணிக்குது. அவ்வளவுதான் கேஸ். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ரேடியோ சொன்னான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தூங்கும்போது தவிர வாயை மூடாத காரணத்தால் ஊர் வைத்த பெயர் இது. அவன் அண்ணி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எந்த வண்டி உண்மை சொல்கிறது, எந்தச் சொந்தக்காரன் புளுகுகிறான் என்று பிரித்துக் கொடுத்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கூடமாட ஒத்தாசைக்குக் கொழுந்தன்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்றது, பெட்ரோலில் ஓடும் அந்தப் பழைய லாரி. ரேடியோவை விட வயதில் மூத்தது. ஆஸ்பத்திரி கழித்துக்கட்டும் ஊசிகள், சிரிஞ்சுகள், குளுக்கோஸ் பாட்டில்கள், சீழும் ரத்தமும் காய்ந்த கட்டுத்துணிகள் எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டி, மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் எரிக்கும் சூளைக்குக் கொண்டுபோவதுதான் அதன் பிழைப்பு. பலகை இடுக்கு வழியாகப் பழுப்பாக ஏதோ ஒன்று ஒழுகி, பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் டேங்கின் மூடிமேல் சொட்டிச் சொட்டிக் கட்டியாக உறைந்திருந்தது. அதன்மேல் ஈக்கள் குடித்தனம் நடத்தின. 

விஷயம் இதுதான். சில மாதங்களாக இந்த லாரி மேட்டில் ஏறும்போது திணறித் திணறி நின்றுவிடுகிறது. அதே சில மாதங்களாகச் சூளைக்குப் போய்ச் சேரும் சாக்குகளும் குறைகின்றன. போன வாரம், ஏற்கெனவே பயன்படுத்தின சிரிஞ்சுகள் கழுவப்பட்டு, புது உறைக்குள் பளபளவென்று மருந்துக் கடைகளில் பிடிபட்டன. ஒரு சிரிஞ்சுக்குள் காய்ந்த ரத்தம் அப்படியே இருந்ததாம். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டு, "வண்டி நிக்கல, நீ நிறுத்துறே" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். இன்று சாயங்காலத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் டிரைவரைப் போலீஸில் ஒப்படைப்பதாகவும் சொல்லிவிட்டார். டிரைவரின் மனைவி, தையல்காரி, காலையில் வந்து அண்ணியின் வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்துத்தான் சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் நேரே இங்கே வந்து இறங்கினார்கள்.

சாக்கு ஏற்றி முடித்திருந்தது. ஏற்றியவன் தையல்காரியின் கூடப்பிறந்த தம்பி. மாமனும் மச்சானும் ஒரே வண்டியில்தான் வேலை. வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். அண்ணியைப் பார்த்ததும் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான்.

"கொஞ்சம் இருங்க மேடம். பக்கவாட்டுல எல்லாம் கழுவி விட்டுடறேன். உங்களுக்கெல்லாம் குடலைப் புரட்டும்."

"வேண்டாம் தம்பி. தினமும் எப்படிப் போகுமோ, அப்படியே போகட்டும்."

"ரெண்டு நிமிஷம் மேடம்..."

"வாளியைக் கீழே வைங்க." அண்ணி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "ரேடியோ, நீ பின்னாடி ஏறு. அவரோட உட்காரு. அவரை விட்டு நகராதே."

"பின்னாடியா? அண்ணி, நான் உங்க புருஷனோட கூடப்பிறந்த தம்பி. ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. அதனாலதான் பின்னாடி."

புலம்பிக்கொண்டே ஏறினான். சாக்குகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எதன்மேலும் படாமல் உட்காருவது எப்படி என்று யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது.

"இந்தாங்க, மூக்குக்குக் கீழே கொஞ்சம் தடவிக்குங்க." மச்சான்காரன் ஒரு சின்னத் தைல டப்பாவை நீட்டினான். தடவியதும் நாற்றம் பாதியாகக் குறைந்தது. ரேடியோவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

"அண்ணே, நீங்க தெய்வம். எப்படித்தான் தினமும் இதுல கை வைக்கிறீங்க?"

"பழகிடுச்சுங்க. இப்பல்லாம் எனக்கு நாத்தமே தெரியறதில்ல." சொல்லிக்கொண்டே, வாய் பிளந்திருந்த ஒரு சாக்கை இழுத்து இடது கையாலேயே சரசரவென்று கட்டினான். "இதைப் பாருங்க. தடிமனான கையுறை போட்டுக்கிட்டு இறுக்கின முடிச்சை அவிழ்க்க முடியாது. அதுக்குத்தான் இப்படி ஒரு காது விட்டுக் கட்டுறது. நுனியை ஒரு இழுப்பு இழுத்தா மூட்டையே திறந்துக்கும். சூளைக்காரன் 'நீ கட்டினதை மட்டும் என் வலது கை தேடிக்கிட்டே இருக்குய்யா'ன்னு திட்டுவான். எனக்கு இடது கைப் பழக்கம், காது இந்தப் பக்கம் விழும்."

"வீட்டுல குழந்தை குட்டி?"

"அக்கா பொண்ணு ஒருத்திதாங்க எனக்கு எல்லாம். பாவம், காய்ச்சல்னு ஊசி போட்ட இடம் வீங்கிக் கிடக்கு. கையைத் துணியில தொங்கவிட்டு நான்தான் கட்டி விட்டேன்." அவன் பார்வை ரோட்டுப் பக்கம் போய்விட்டது. "குழந்தைங்களுக்கு வர்றதுதான்... சரியாயிடும்."

சமவெளியில் லாரி ஒழுங்குப் பிள்ளையாக ஓடியது. மேடு தொடங்கி, டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தியதும்தான் அதன் சுயரூபம் தெரிந்தது. ஒரு குலுக்கு, ஓர் இருமல், மறுபடி ஒரு குலுக்கு. இழுவையே இல்லை. சாக்குகள் ரேடியோவின் மேல் சரிந்தன. 'ஐயோ அம்மா' என்று அவன் அலறிய அதே நேரத்தில் இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது.

"இதே இடம்தான் மேடம்" என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒல்லியான மனுஷன். பயத்தில் குரல் உடைந்தது. "என் குழந்தை மேல சத்தியமா நான் நிறுத்தல."

"காலியா திரும்பும்போது?"

"ஒரு தடவை கூட நின்னதில்ல."

"சோக் இழுத்துப் பார்த்தீங்களா?"

"இழுத்தா ஒரு மூச்சு வாங்குது. அப்புறம் அடங்கிடுது."

"சரி. நின்ன பிறகு என்ன செய்வீங்க?"

"நான் நடந்து அந்தப் பக்கம் இறங்கி மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வருவேன். மச்சான் வண்டிக்குக் காவல் இருப்பான். மெக்கானிக் வந்து கார்புரேட்டர்ல கை வைப்பார். உடனே கிளம்பிடும். என்ன இருந்தாலும் அவருக்கு ராசியான கை மேடம்."

அண்ணி இறங்கினாள். "இன்னிக்கு யாரும் எங்கேயும் போக வேண்டாம். பானெட்டைத் தாங்குற கம்பி உடைஞ்சிருக்கு. தம்பி, நீங்க ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிங்க."

மச்சான்காரன் பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"ரேடியோ, இதுதான் கார்புரேட்டர். இதுமேல கையை வச்சுக்கிட்டு ஒரு பாட்டுப் பாடு."

"என்ன பாட்டு?"

"உனக்குத் தெரிஞ்சது எதுவானாலும். நீளமா இருக்கணும்."

அவன் பாடினான். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. டிரைவர் அந்தப் பயத்திலும் முகத்தைச் சுளித்தான். இதற்கிடையில் அண்ணி ரோட்டோரத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் படுத்துக் கிடந்தது, கனமான எதையோ திரும்பத் திரும்ப உருட்டி விட்டதுபோல. பாதி வழியில் ஒரு முள்செடியில் குளுக்கோஸ் குழாய்த் துண்டு ஒன்று சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"போதும். இப்போ செல்ஃப் அடிங்க."

முதல் அடியிலேயே இன்ஜின் கிளம்பிவிட்டது.

டிரைவர் வாயைப் பிளந்தான். "உங்க தம்பிக்கும் ராசியான கை மேடம்!"

"ராசியான தொண்டைன்னு சொல்லுங்க" என்றான் ரேடியோ. "அண்ணி, இப்ப புரிஞ்சு போச்சு! மெக்கானிக் வந்து தொட்டதால கிளம்பல. அவன் வர்ற வரைக்கும் சும்மா நின்னதாலதான் கிளம்புது. ஆக, அந்த மெக்கானிக்தான் திருடன். டிரைவரை அங்கே டீ குடிக்க வச்சிட்டு, இங்கே ஆள் அனுப்பி..."

"முதல் பாதி சரி" என்றாள் அண்ணி. "வண்டியில ஏறு."

மேட்டின் அந்தப் பக்கம் இறங்கியதும் மெக்கானிக்கின் பட்டறை. பக்கத்தில் ஒரு கிளினிக், அதற்கடுத்து டிரைவர் வீடு இருக்கும் வரிசை. மெக்கானிக் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னைக் கூப்பிடாமலேயே வந்துடுச்சா? அதெப்படி? இந்தக் கை படாம அது கிளம்பாதே!"

"என் கொழுந்தன் பாட்டுப் பாடிக் கிளப்பிட்டான்" என்றாள் அண்ணி.

"பாட்டா?" அவனை யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "மேடம், நான் ஜெட்டைக் கழட்டி ஊதியிருக்கேன். ஃபில்டர் மாத்தியிருக்கேன். பம்புல டயாஃப்ரம் புதுசு, பிளக் புதுசு, வயர் புதுசு. வேற ஒருத்தனா இருந்தா இந்த வண்டிக்கிட்டேயே வரமாட்டான்."

"எல்லாம் சரி. டேங்க்?"

"என்னது?"

"பெட்ரோல் எங்கிருந்து வருதோ, அந்த டேங்க். ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?"

மெக்கானிக் அந்த மூடியைப் பார்த்தான். பழுப்புக் கட்டியையும் ஈக்களையும் பார்த்தான். தன் கையைப் பார்த்துக்கொண்டான். "மேடம்... சாப்பிடுற கைங்க இது."

"அதேதான்" என்றாள் அண்ணி. "பெட்ரோல் போடுறது யாரு?"

"மச்சான்தான் மேடம்" என்றான் டிரைவர். "வேற யாரு அந்த மூடியைத் தொடுவாங்க?"

பம்புக்குப் போகும் குழாயை விட்டுவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றச் சொன்னாள். அதன் வாயில் ஒரு கண்ணாடிப் பாட்டில். டிரைவர் செல்ஃப் அடித்தான். பெட்ரோல் பீச்சிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்தான், வந்தது. இன்னும் அடிக்க அடிக்க மெலிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றேவிட்டது.

"டேங்க் முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு. ஆனா பெட்ரோல் வரல" என்றாள். "இப்போ டேங்க் பக்கத்துக் குழாயைக் கழட்டுங்க. ரேடியோ, இதுல வாயை வச்சு ஊது."

"நானா?"

"பாட்டுப் பாடின வாய்தானே."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். டேங்கின் உள்ளே களுக் களுக் என்று குமிழி விட்டது. அவன் வாய்க்குள் பெட்ரோல் வந்தது. காறித் துப்பினான், மறுபடி துப்பினான், பட்டறைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஓங்கரித்தான். "தூ! அண்ணிமார்லாம் கொழுந்தனுக்குப் பொண்ணு பார்ப்பாங்க. எனக்கு வாய்ச்சது பெட்ரோல் ஊட்டுது!"

குழாயைத் திரும்ப மாட்டிச் செல்ஃப் அடித்ததும் பெட்ரோல் பழையபடி பீச்சியது. மெக்கானிக்கின் மீசை தளர்ந்துவிட்டது.

"உள்ளே ஏதோ மிதக்குது" என்றான் மெதுவாக. "உறிஞ்சுற வாய்ல போய் ஒட்டிக்குது. வண்டி நின்னா உறிஞ்சல் நின்னுடும். அது தானா விலகிடும். அதான் கொஞ்ச நேரத்துல கிளம்புது. காலியா போறப்ப அவ்வளவு உறிஞ்சல் இல்ல. பாரத்தோட மேடு ஏறினாத்தான்... அட, என் முட்டாள்தனமே! இத்தனை நாளா ராசி ராசின்னு நானே நம்பிக்கிட்டிருந்தேனே!"

"தானா விழுந்த குப்பையான்னு பார்ப்போம்."

அண்ணி ஒரு கந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த மூடியைத் திருகினாள். யாரும் உதவிக்கு வரவில்லை. ஈக்கள் எழுந்து அவள் முகத்தில் மோதின. டேங்கின் வாய்க்குள் இருக்க வேண்டிய சல்லடையை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். விளிம்பில் ஒரு நைலான் நூல் கட்டியிருந்தது. கம்பியால் அதைக் கொக்கி போட்டு இழுத்தாள். நூலோடு வழுவழுவென்று ஏதோ வந்தது. ஒரு நீளமான பிளாஸ்டிக் உறை. சிரிஞ்சுகளை அடுக்கி வரும் உறை. பெட்ரோல் சொட்டச் சொட்டத் தரையில் விழுந்து கிடந்தது. 

"அந்த டேங்குக்குப் பூட்டு எதுக்கு? நாத்தமே பூட்டு" என்றாள் அண்ணி. "டிரைவர் தொடமாட்டார். மெக்கானிக் தொடமாட்டார். போலீஸ்காரனும் தொடமாட்டான். நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு முகத்தைத் திருப்பிக்குவோம்னு கணக்குப் போட்ட ஆள் இவன். நூல் எதுக்குன்னா, யாராவது டேங்கைத் திறப்பாங்கன்னு தெரிஞ்சா முன்னாடியே உருவி எடுத்துடலாம். இன்னிக்கு அதுக்கு நேரம் கிடைக்கல."

நூலின் முடிச்சை விரலால் தூக்கிக் காட்டினாள். ஒரு காது விட்டுக் கட்டிய முடிச்சு. நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். காது இடது பக்கம் விழுந்திருந்தது.

ரேடியோ அதைப் பார்த்தான். தன் மூக்கின்கீழ் இருந்த தைலம் சட்டென்று எரிவதுபோல் இருந்தது. திரும்பினான். மச்சான்காரன் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரி வந்தாள். அளவெடுக்கும் டேப் கழுத்தில் தொங்கியது. இடுப்பில் குழந்தை. காய்ச்சலில் கண் செருகியிருந்தது. ஒரு கை வீங்கிச் சிவந்து, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"வண்டி சத்தம் கேட்டு வந்தேன் மேடம். தெரிஞ்சுதா? இவர் மேல தப்பில்லன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிடுச்சும்மா. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழுதாள், சிரித்தாள். கணவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல!" அப்புறம்தான் அண்ணியின் விரலில் தொங்கிய நூலைப் பார்த்தாள். தையல்காரியின் கண். முடிச்சு என்றால் விடாது. நூலைப் பார்த்தாள். குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்த துணி முடிச்சைப் பார்த்தாள். ஒரு காது. இடது பக்கம்.

"தம்பி" என்றாள்.

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். "முடிச்சு யார் வேணா போடலாம்க்கா. இவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"காலையில கழுவி விடறேன்னு வாளியோட ஓடி வந்தீங்களே, அது என் மூக்குக்காக இல்ல" என்றாள் அண்ணி. "கழுவுற சாக்குல இதை உருவத்தான். மேட்டுல மச்சான் காவல் இருப்பார்னு டிரைவர் சொன்னப்பவே எனக்கு உறைச்சுது. வண்டி நின்னாத்தான் டிரைவர் நடந்து போவார். டிரைவர் போனாத்தான் மூட்டையைச் சரிவுல உருட்டலாம். கீழே எடுத்துக்க ஆள் நிப்பான். புல்லு படுத்துக் கிடக்கு, வந்து பாருங்க. ரேடியோவை எதுக்கு உங்க கூட உட்கார வச்சேன்? பானெட்டை எதுக்கு உங்க ரெண்டு கையிலயும் கொடுத்தேன்?"

'எனக்கே இப்போதுதான் தெரிகிறது' என்று ரேடியோ மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அந்த ஆள் கொடுத்த தைலத்தைச் சட்டைக் கையால் அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

டிரைவர் இன்னும் நம்பாமல் நின்றான். "மச்சான், இல்லைன்னு சொல்லுடா. ஒரே வார்த்தை சொல்லு. என்னைப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்கன்னு நேத்து உன் மடியிலதானேடா படுத்து அழுதேன்?"

மச்சான்காரன் தரையைப் பார்த்தான். "எரிச்சுச் சாம்பலாக்குறதுதானே மாமா... யாருக்கு நஷ்டம்? கழுவித்தான் கொடுக்கிறாங்க. வெந்நீர்ல போட்டுக் கழுவி..."

"சீ!" என்றான் மெக்கானிக்.

தையல்காரி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. "எங்கே கொடுப்பாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. வாங்கிட்டுப் போறவன் எங்கெங்கோ கொடுப்பான். சத்தியமா எனக்குத் தெரியாது."

"இந்தத் தெரு கிளினிக்குக்கும் கொடுப்பானா?"

"தெரியாதுக்கா! அக்கா, நம்ம பாப்பா மேல சத்தியம்..."

"பாப்பா மேல சத்தியம் பண்ணாதே." ஓர் அடி முன்னால் வந்தாள். "பெரிய ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கணுமேன்னு அன்னிக்குப் பக்கத்து கிளினிக்லயே ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தேன். நீ சாப்பிட்டுக்கிட்டிருந்தே. பாப்பாவுக்கு இந்த கிளினிக்ல ஊசி போட்டாச்சுன்னு உன்கிட்டதான் சொன்னேன். தட்டுல பாதிச் சாப்பாடு கிடக்கு. பசிக்கலன்னு எழுந்து போனே. உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா, ஏன்டா எழுந்தே?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். 

"சொல்லுடா. இவ கை வீங்க வீங்கப் பார்த்துக்கிட்டுதானே இருந்தே? வலிக்குது மாமான்னு உன்கிட்டதானே வந்து படுத்தா? அப்பவாவது, 'அக்கா, அந்த ஊசி நல்ல ஊசி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை உன் வாய்ல வந்துச்சா? துணி கிழிச்சுக் கட்டி விட்டே. பொம்மை வாங்கிக் கொடுத்தே. தூ! உன் கூடப் பிறந்தேன்னு நினைச்சாலே எனக்குக் குமட்டுது."

"அக்கா..." அவன் இடது கையை நீட்டினான்.

"அந்தக் கையை நீட்டாதே."

அவள் குழந்தையின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. துணி அவிழ்ந்து கீழே விழுந்தது. குழந்தை வலியில் முனகியது. கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவி மடித்து, அந்த வீங்கின கையைத் தாங்கி, தன் முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை இறுகியது.

"வண்டியை எடுங்க" என்றாள் கணவனிடம். "பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஊசி உறையை என் கண் முன்னாடி பிரிக்கச் சொல்லணும். மேடம், நீங்களும் வாங்க. எனக்கு எந்த டாக்டர்கிட்டயும் தனியா பேசத் தைரியம் இல்ல."

மெக்கானிக் ஓடிப்போய்க் குழாய்களை மாட்டினான். இந்த முறை ராசி பேசவில்லை. டேங்க் மூடியைத் தன் சாப்பிடுகிற கையாலேயே திருகி இறுக்கினான். அண்ணி அந்த உறையையும் நூலையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ரேடியோ, நான் அங்கே போனதும் போலீஸை அனுப்பறேன். அதுவரைக்கும்..."

"தெரியும் அண்ணி. அவரை விட்டு நகராதே. அதானே?" என்றான். "காலையிலயே காரணத்தைச் சொல்லியிருந்தா அந்தக் கருமத்தை மூக்குல தடவாம இருந்திருப்பேன்."

லாரி கிளம்பியது. மெக்கானிக் ஒரு இரும்புக் கம்பியோடு பட்டறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டான். மச்சான்காரன் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தான். ஓடிப்போகிற எண்ணம் அவனிடம் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் பரவாயில்லை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. ஓடினால் துரத்திப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம். இப்படி உட்கார்ந்து அழுகிறவனை என்ன செய்வது? காலையில் இந்த ஆளைத் தெய்வம் என்று சொன்னோமே என்று நினைக்க நினைக்கத் தன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. வாயில் பெட்ரோல் நாற்றம் இன்னும் போகவில்லை.

மேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து லாரி ஏறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இறக்காத அதே பாரம். கியர் மாறியது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தான். மச்சான்காரன் தலையைத் தூக்கினான். கண்ணீரோடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறியது வண்டி.

"நடுவுல நின்னுடாதே?" என்றான் மச்சான்காரன். "பாப்பாவுக்குக் காய்ச்சல் அதிகமா இருக்கு. மேட்டுல நின்னுடாம போயிடும் இல்ல?"

ரேடியோ எழுந்து நான்கடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

"நிக்காது" என்றான். "அதான் உன்னை வெளியே எடுத்துட்டோமே."